நாலு மணிப் படகு

எங்கள் முகாமில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆறு நாளாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இருநூற்று எண்பது பேர், பள்ளிக்கூடத்தின் மாடியில் ஏழு வகுப்பறைகள், நான்கு கழிப்பறைகள், அதில் ஒன்றுக்குக் கதவு கிடையாது. கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். இப்படி ஒரு இடத்தில் ஒருத்தருக்குக்கூட வயிறு கலங்கவில்லை என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். நானே எழுதியதால் சிரிக்கவில்லை, பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

நான் உதவி செய்ய வெளியிலிருந்து வந்தவள் இல்லை. புயலில் வீட்டுக்கூரை போய், வெள்ளத்தில் மிச்சமும் போய், மற்றவர்களைப் போலவே ஒரு பையோடு இங்கே வந்து ஏறியவள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. முதல் நாள் படகில் வந்த டாக்டரம்மா, "ஊசி புடிச்ச கை யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். என் நாத்தனார் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிவிட்டாள். டாக்டரம்மா என்னிடம் ஒரு கட்டுப் படிவம், ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர், பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒரு பெட்டி, பேட்டரியில் ஓடும் கைமைக் ஒன்று எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் மைக்கக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வேலை சுலபமானது. தினமும் காலையில் அறை அறையாகப் போய், யாருக்காவது வயிற்றால் போகிறதா, வாந்தியா என்று கேட்டு எண்ணிக்கையை எழுத வேண்டும். காலைப் படகில் சாப்பாட்டுப் பொட்டலமும் குடிதண்ணீரும் வரும். அதே படகில் படிவம் டாக்டரம்மாவுக்குப் போகும். சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு நடை. மாடிப்படியில் பாதிவரை தண்ணீர் என்பதால் படகு நேராகப் படிக்கே வந்து நிற்கும்.

முதல் நாளே மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் பேசிய பேச்சு இதுதான்: "வயித்தால போனா யாரும் மறைக்காதீங்க. என்கிட்ட சொல்லுங்க. சொன்ன உடனே படகுல ஏத்தி அந்தப் பக்கம் அனுப்பிடுவோம்." ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல கவனிப்பு கிடைக்கும் என்பது என் மனதில் இருந்தது. மனதில் இருந்து என்ன பயன்? வாயில் வந்தது படகு மட்டும்தான்.

படகு என்றால் அங்கே இருந்தவர்களுக்கு என்ன அர்த்தம் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளம் ஏறிய அன்று மீட்க வந்தவர்கள் கைக்குக் கிடைத்தவர்களைக் கிடைத்த படகில் ஏற்றினார்கள். என் கணவரை ஒன்றில் ஏற்றினார்கள், என்னையும் மகளையும் நாத்தனாரையும் இன்னொன்றில் ஏற்றினார்கள். அவர் அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் பத்திரமாக இருக்கிறார் என்று தெரியவே மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் அறையில் இருந்த மளிகைக்காரருக்கு அந்த யோகம்கூட இல்லை. "பசங்க முதல்ல" என்று சொன்னதை நம்பி, பதினாலு வயது மகனைத் தன் கையாலேயே முதல் படகில் தூக்கி உட்கார வைத்தார். அந்தப் படகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் படியில் இறங்கி நின்று படகுக்காரரிடம் கேட்பார். படகுக்காரர் தலையை ஆட்டுவார். அப்படிப்பட்டவர்களிடம் போய்த்தான், படகில் ஏற்றிவிடுவோம் என்று மைக்கில் சொன்னேன்.

மூன்றாம் நாளிலிருந்து எல்லோரும் என்னைக் கண்டால் சிரிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று குறைந்தால் என் தலையை உருட்டுகிறவர்கள், நான் படிவத்தோடு வந்தால் மட்டும் எழுந்து நின்று வரவேற்றார்கள். "ஒண்ணுமில்லக்கா, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று கேட்பதற்கு முன்பே பதில் வரும். நாலாம் அறையில் ஒரு தையல்காரர் இருந்தார். பிள்ளை குட்டி இல்லை, அவரும் மனைவியும்தான். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "எங்க ரூம்காரங்க கல்லைத் தின்னாலும் கரைச்சிடுவோம் மைக்கக்கா, நீங்க அடுத்த ரூமைப் பாருங்க" என்பார். நானும் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போவேன். அவர் ஏன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் பார்த்தால் உப்புச் சர்க்கரைப் பொட்டலப் பெட்டி பாதி காலி. பிள்ளைகள் மிட்டாய் மாதிரி நக்கித் தின்கிறார்கள் என்று முடிவு கட்டி, கண்ணில் பட்ட பிள்ளைகளை எல்லாம் பிடித்துத் திட்டினேன். அவை பேந்தப் பேந்த விழித்தன. ஐந்தாம் நாள் வராந்தாச் சுவர் நெடுக ஈரத்துணி. பாவாடை, வேட்டி, போர்வை, பாய்கூட. குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுக்கிற இடத்தில் பாயை எதற்கு அலசுகிறார்கள்? கேட்டேன். "சுத்தமா இருக்கணும்னு நீங்கதானேம்மா மைக்ல சொன்னீங்க" என்றாள் ஒரு பெண். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆறாம் நாள் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போனவள், பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே தேங்கிய தண்ணீரில் கிழித்துப்போட்ட உப்புச் சர்க்கரைப் பொட்டலக் கவர்கள் மிதந்தன. எண்ணிப் பார்த்தேன். அறுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. நக்கித் தின்கிற பிள்ளை கவரை எங்கே வேண்டுமானாலும் போடும். இவை எல்லாம் ஜன்னல் வழியாக, யாரும் பார்க்காத பக்கமாகப் போடப்பட்டவை. ஆனாலும் கீழே இறங்கி வந்து அன்றைய படிவத்திலும் பூஜ்ஜியம்தான் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். நாலு முகாமில் உங்களுடையதுதான் நல்ல முகாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெயரை விட மனசு வரவில்லை.

ஏழாம் நாள் காலையில் தையல்காரர் செத்துப்போனார்.

"நெஞ்சு வலின்னு சொன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு" என்றாள் அவர் மனைவி. கூட இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் நெஞ்சு வலி என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. விரல் நுனிகள், ஒரு நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி சுருங்கிக் கிடந்தன. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. சுவர் ஓரத்தில் ஒரு வாளி, அதன்மேல் துண்டு. துண்டை எடுத்தேன். அரிசி கழுவின தண்ணீர் போல வெள்ளையாக, அரை வாளி.

"இது என்ன?"

தையல்காரர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கால் மரத்துப்போச்சு" என்றாள்.

"உங்களுக்கும் போகுதா?"

"இல்லம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லா இருக்கேன்."

உடம்பைக் காலைப் படகில் ஏற்றினோம். மனைவியால் படிவரைகூட வர முடியவில்லை. படகுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேல அணையைத் தொறக்கறாங்க. இன்னிக்கு நாலு மணி நடைதான் கடைசி. அப்புறம் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் படகு விடக்கூடாதுன்னு உத்தரவு. ஏதாவது வேணும்னா இப்பவே சொல்லிடுங்க." எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாளி மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பேட்டரி சாகக் கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஆறு நாளா உங்க பேப்பர்ல பூஜ்ஜியம் போட்டிருக்கு. நேத்து எனக்கு அறுபது பாட்டில் டிரிப் வந்துச்சு. பக்கத்து முகாம்ல நாப்பது பேர்னு எழுதியிருந்தாங்க, எல்லாத்தையும் அங்க அனுப்பிட்டேன். உங்களுக்குன்னு ஒண்ணுகூட வைக்கலயேம்மா."

"இப்ப என்ன பண்றது டாக்டர்?"

"பேரு, வயசு, எத்தனை தடவைன்னு எல்லாரையும் எழுதுங்க. நாலு மணிப் படகுல லிஸ்ட் எனக்கு வந்தாகணும். அது கையில இருந்தாத்தான் மேல கேட்டு வாங்க முடியும். நாளைக்கு மத்தியானம் மருந்தோட நானே வரேன். படகுல ஆறு நோயாளிக்குத்தான் எடம். ரொம்ப மோசமா இருக்கற ஆறு பேரை ஏத்துங்க. எழுந்து உக்கார முடியறவங்க, தண்ணி குடிச்சா வாந்தி எடுக்காதவங்க, அவங்க நாளைக்கு வரைக்கும் தாங்குவாங்க. படுத்தவங்க தாங்க மாட்டாங்க. புரியுதா? அதை மட்டும் மாத்திடாதீ..."

அதோடு போன் செத்துப்போனது.

அறை அறையாகப் போனேன். இந்த முறை படிவம் இல்லாமல், கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு போனேன். பேதியை மறைத்தால் தையல்காரர் மாதிரி ஒரே நாளில் ஆள் போய்விடும் என்றேன். மருந்து வர வேண்டுமானால் பெயர் வேண்டும் என்றேன். கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். மூன்றாம் அறையில் மளிகைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெஞ்சுகளை நிமிர்த்தி, அதன்மேல் சேலையை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால் யாரோ முனகும் சத்தம் கேட்டது.

"அது யாரு?"

"என் சம்சாரம்தான். தலைவலின்னு படுத்திருக்கா."

"நான் பாக்கலாமா?"

"பாக்க வேண்டாம்மா" என்றார், மரியாதையாகத்தான். "நான் படகைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டவன்."

ஆறு அறையும் முடிந்தது. ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. மணி ஒன்றரை. ஏழாம் அறை எங்கள் அறை. ஆறு நாளும் அந்த அறையில் மட்டும் நான் கேட்டதே இல்லை. என் சொந்த அறையை நானே விசாரிப்பதா என்று, மற்ற அறைகளை முடித்ததும் ஏழுக்கு நேராக நானே பூஜ்ஜியம் போட்டுவிடுவேன்.

உள்ளே போனேன். நாத்தனார் மூலையில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு முன்னால் பேச்சை ஆரம்பிக்கிறவள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் என் மகள் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஒன்பது வயது. உதடு வெளுத்து வெடித்திருந்தது.

"எத்தனை தடவை?" என்றேன்.

"காலையிலேருந்து ஆறு."

"ஆறு தடவை போயிருக்கு, என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலயா? பெத்தவ நான் பக்கத்து ரூம்ல ஒவ்வொருத்தர் கால்லயும் விழுந்துட்டு இருக்கேன். நீ இங்க மறைச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. உனக்கு அறிவு இருக்கா?"

அவள் அழுதாள். "அண்ணி, நீங்கதானே ஊருக்கே மைக்ல சொன்னீங்க, படகுல ஏத்திடுவோம்னு. எங்க அண்ணன் ஒரு படகுல போனாரு. இவளையும் ஒரு படகுல ஏத்திட்டீங்கன்னா நாளைக்கு அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது? பொட்டலம் கரைச்சுக் குடுத்துட்டுத்தான் இருக்கேன். உங்க பெட்டியிலேருந்துதான் எடுத்தேன்."

என் கோபம் முழுக்க அப்படியே இறங்கிவிட்டது. ஒளித்து வைக்கத் தெரியாத ஒருத்தி, ஆறு நாளில் மைக்கக்காவிடமிருந்து மைக்கக்காவின் பிள்ளையையே ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மற்ற அறைகளில் எத்தனை பேர் இப்படிப் பாய்க்கும் பெஞ்சுக்கும் பின்னால் கிடக்கிறார்களோ என்று நினைத்தேன்.

மகளுக்கு ஒரு டம்ளர் கரைசல் கொடுத்தேன். குடித்தாள், வாந்தி எடுக்கவில்லை. இன்னொரு டம்ளர். அதுவும் நின்றது. எழுந்து உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கும் தோன்றியது. இவளை இங்கேயே என் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரியாத வைத்தியமா, மணிக்கொரு தரம் கரைத்துக் கொடுத்தால் போதும், யாருக்கும் சொல்ல வேண்டாம். வாசல் கதவைக்கூடப் பாதி சாத்திவிட்டேன். பிறகு தையல்காரருடைய கையின் மடிப்பு ஞாபகம் வந்தது. கதவைத் திறந்து, மைக்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"ஏழாம் ரூம். என் பொண்ணு. வயசு ஒம்பது. காலையிலேருந்து ஆறு தடவை போயிருக்கு. நாலு மணிப் படகுல அவதான் முதல்ல போறா. தனியாத்தான் போறா, நான் இங்க உங்களோடதான் இருப்பேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கு. யார் பேரு எந்த எடம்னு எழுதி, அந்தப் பேப்பரை நானே படகுக்காரர்கிட்ட குடுக்கறேன். நீங்க மறைச்சது தப்பில்ல. நான் முதல் நாள் சொன்ன விதம்தான் தப்பு."

மைக்கை அணைத்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு போய், மாடிப்படியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார வைத்தேன். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டி, அதில் அவள் பெயரும் அப்பா பெயரும் எழுதிப் போட்டேன். அவள் அழவில்லை. "அத்தை வராதா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் வந்தது ஒன்றாம் அறைப் பெண். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "எங்க மாமனாரு. நேத்து ராத்திரியிலேருந்து" என்றாள். அடுத்து ஐந்தாம் அறையில் இரண்டு பேர். பிறகு நான் போகவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருத்தராக வந்து, குரலைத் தாழ்த்தி, கோள் சொல்லுகிற மாதிரி சொந்த மனிதர்களுடைய பெயரைச் சொன்னார்கள். இரண்டரை மணிக்குப் பதினேழு. மூன்றரைக்கு முப்பத்து மூன்று. பூஜ்ஜியம் போட்ட கை இதே கைதான்.

கடைசியாக, முப்பத்து நாலாவது பெயரோடு மளிகைக்காரர் வந்தார். மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்குக் கண் திறக்க முடியவில்லை. "உங்க பொண்ண ஏத்தறீங்களேன்னுதான் கொண்டு வந்தேன்" என்றார். "வேற ஒண்ணையும் நம்பி இல்ல." நான் தலையை ஆட்டினேன். அந்த வார்த்தை எவ்வளவு கனமானது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே படகு வந்துவிட்டது. காலையில் தெரிந்த இரண்டு படிகள் இப்போது தண்ணீருக்குள் போயிருந்தன. தண்ணீர் நிறம் மாறிச் செம்மண்ணாக, சுழித்துக்கொண்டு ஓடியது. "சீக்கிரம், சீக்கிரம்" என்றார் படகுக்காரர். அந்த அவசரத்தில் முதலில் மகளை மூலையில் உட்கார வைத்தேன். மளிகைக்காரர் மனைவி, ஒன்றாம் அறைப் பெரியவர், ஐந்தாம் அறை அக்கா தம்பி இரண்டு பேர், ஆறாம் அறையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, எல்லோரையும் படுக்க வைத்தோம். ஆறு பேர். கணக்குச் சரி என்று நினைத்தேன்.

பட்டியலை மடிக்கும்போதுதான் தையல்காரர் மனைவியின் ஞாபகம் வந்தது. அவளுடைய பெயரை யாரும் வந்து சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்? நானும் நாத்தனாரும் நாலாம் அறைக்கு ஓடினோம். காலையில் இருந்த இடத்திலேயே கிடந்தாள். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடி கைக்குத் தட்டவே இல்லை. கழுத்தில்தான் கொஞ்சம் இருந்தது. ஒரு பெஞ்சுப் பலகையில் கிடத்தி இரண்டு பேருமாகத் தூக்கி வந்தோம்.

படகுக்காரர் பார்த்ததுமே கையை விரித்தார். "இன்னொரு ஆள் ஏறினா இந்தத் தண்ணிக்குப் படகு நிக்காது. யாரையாவது எறக்கிட்டு ஏத்துங்க."

நான் படகுக்குள் பார்த்தேன். ஐந்து பேர் படுத்திருந்தார்கள். ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உட்கார முடிகிறவர்கள் தாங்குவார்கள், படுத்தவர்கள் தாங்க மாட்டார்கள். டாக்டரம்மா சொன்னது இதுதானே? நாளை மத்தியானம்வரை இருபது மணி நேரம். தையல்காரர் மனைவிக்கு அதில் இரண்டு மணி நேரம்கூடக் கிடையாது. யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க ஒன்றுமில்லாததாலேயே நான் யோசிக்கவில்லை. குனிந்து மகளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் படியில் இறக்கினேன். அந்த இடத்தில் தையல்காரர் மனைவியைப் படுக்க வைத்தோம்.

நிமிர்ந்தால், படிக்கட்டு முழுக்க நின்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. படியில் நிற்கிற என் மகளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு எறக்கினீங்க?" என்றார் மளிகைக்காரர்.

"இவங்க ரொம்ப மோசமா இருக்காங்க ஐயா. எடம் இல்ல. அவ தாங்குவா, நாளைக்கு..."

"தனியா அனுப்பறேன்னு மைக்ல சொன்னீங்க."

"சொன்னேன். ஆறு பேருக்குத்தான் எடம். டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க, மோசமானவங்க முதல்லன்னு."

"அன்னிக்கும் பசங்க முதல்லன்னு சொன்னாங்க." அவர் குரல் உயரவே இல்லை. "உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. தண்ணி ஏறுது, படகு போய்ச் சேராதுன்னு தெரிஞ்சிருக்கு. அதான் உன் பிள்ளைய மட்டும் எறக்கிட்ட."

"ஐயா, என் பொண்ணு மேல சத்தியம்..."

அவர் காதிலேயே வாங்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகுக்குள் குனிந்து, மனைவியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாவின் கை அவர் முதுகில் தொங்கி ஆடியது. ஒன்றாம் அறைப் பெண்ணும் அவள் கணவனும் பெரியவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். ஐந்தாம் அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். நான் குறுக்கே நின்றேன், ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டார்கள். மைக்கில் கத்தினேன். மைக்கில் கத்துகிறவளுடைய குரலை அங்கே இனி யார் நம்புவார்கள்? கைக்குழந்தைக்காரியை அவளுடைய அண்ணன் தூக்கிக்கொண்டு போனான்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. படகு காலியாகிவிட்டது. தையல்காரர் மனைவி மட்டும் கிடந்தாள்.

"நான் கிளம்பணும்" என்றார் படகுக்காரர். "இனிமே நின்னா நானே போய்ச் சேர மாட்டேன்."

மகளை மறுபடியும் தூக்கிப் படகில் வைத்தேன். முகாமே பார்க்கட்டும், பார்த்துவிட்டு மனசு மாறட்டும் என்றுதான். மேல்படியிலிருந்து ஒன்றாம் அறைப் பெண்ணின் குரல் கேட்டது. "பாத்தீங்களா? எல்லாரையும் எறக்க வச்சுட்டு, எடம் காலியானதும் அவ பொண்ண சொகுசா ஏத்தறா." யாரோ ஆமாம் போட்டார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு பெஞ்சுகளைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க இழுக்கிற சத்தம்.

"எங்க பேரையெல்லாம் அடிச்சுடு" என்று யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள். நான் அடிக்கவில்லை. பட்டியலை மகளின் கழுத்துக் கவரில் திணித்து, டாக்டரம்மா கையில் கொடு, வேறு யாரிடமும் கொடுக்காதே என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் கிடந்தவளின் தலை படகுக் கட்டையில் இடிக்காமல் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

படகு சுழிப்பில் ஒருமுறை திரும்பி, பிறகு நேராகப் போனது. முப்பத்து நாலு பெயரை எழுதிய காகிதத்தோடு இரண்டு பேர் போனார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தியை வந்து தூக்கி இறக்க ஒருவரும் இல்லை, அதனால் அவளும் போனாள்.